விட்டுப்போன ஒன்பதாம் வீடு

ஜாதி எங்கிருந்து வந்தது என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேதத்திலேயே இருக்கிறது என்பார் ஒருவர். படைத்தவனின் முகத்திலிருந்து சிலர், தோளிலிருந்து சிலர், தொடையிலிருந்து சிலர், பாதத்திலிருந்து சிலர் என்று விரல் மடக்கிச் சொல்வார். அதெல்லாம் இல்லை, செய்த தொழிலை வைத்து வந்தது என்பார் இன்னொருவர். சொல்லிக்கொண்டு போகட்டும். எல்லா ஜாதியும் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு ஜாதி எப்படி வந்தது என்று தெரியும். அது பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மருந்து கலக்கிக் கொடுத்தவனே நான்தான்.

அரியலூரில் ஒரு டாக்டரிடம் பதினெட்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் நான். டாக்டர் பெயர் இங்கே வேண்டாம். நான் என்ன ஜாதி என்று இதற்குள் உங்கள் மனசு துழாவ ஆரம்பித்திருக்கும். துழாவிக்கொண்டே இருங்கள். நான் சொல்ல வந்தது கொளஞ்சியப்பனைப் பற்றி.

கொளஞ்சியப்பன் ஒரு குடிப்பிள்ளை. இப்போது நிறையப் பேருக்கு இது தெரியாது. நிலமுள்ள குடியானவர்கள் கூட்டத்துக்கு ஒரு குடிப்பிள்ளை இருப்பார். அவர் அந்தக் கூட்டத்தில் பிறந்தவர் அல்ல. அவர்களைப் பாடுவதற்கென்றே பிறந்த வேறொரு கூட்டம். அறுப்பு முடிந்ததும் ஊர் ஊராக வருவார். கல்யாணப் பந்தலில் ஓரமாக நின்று, இந்த ஜாதி எப்படி உண்டாயிற்று, இதில் எத்தனை வீடு, யார் யாருக்குப் பங்காளி, யார் யாருக்கு மாமன் மச்சான் என்று ராகம் போட்டுச் சொல்வார். அவர் சொன்னால்தான் அது ஜாதி. எந்தக் குடியானவர்கள் என்று கேட்காதீர்கள். பெயர் சொன்னால், அது அவர்கள் சமாச்சாரம் நமக்கென்ன என்று மற்றவர்கள் சௌகரியமாகக் காலை நீட்டிக்கொள்வீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குடிப்பிள்ளை என்பதால் அந்த ஜாதியார் எல்லோருக்கும் அவர் பிள்ளை முறை. ஐம்பது வயது கொளஞ்சியப்பன் தொட்டிலில் கிடக்கிற பெண் குழந்தையைக்கூட ‘ஆயி’ என்றுதான் கூப்பிடவேண்டும். அந்தக் குழந்தை பேச்சு வந்ததும் அவரைப் ‘பிள்ளை’ என்று கூப்பிடும். ஆயிரம் அப்பன், ஆயிரம் ஆயி. ஆனால் ஒரு வீட்டுக்குள்ளும் போக முடியாது. சாப்பாடு வாசலில். சொந்தத்தில் யாரும் கிடையாது. பெண்சாதி பிள்ளை பெறாமலே செத்துப்போனாள். அவருடைய கூட்டத்து அடுத்த வீடு விருத்தாசலம் பக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அங்கேயும் இரண்டு கிழவர்கள்தான்.

ஒருநாள் டாக்டர் அந்த முகம், தோள், தொடைக் கதையை ஆஸ்பத்திரி வாசலில் யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். மருந்துக்கு வந்திருந்த கொளஞ்சியப்பன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“இந்தக் கதையப் பாடுனவனுக்கும் எவனாச்சும் அரிசி போட்டிருப்பான் சார்” என்றார். “சும்மாவா முகத்துல வச்சிருப்பான்?”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏன்யா, உன் ஜாதி எதிலிருந்து வந்தது?” என்று கேட்டேன்.

“எங்களப் பாட ஆளில்லிங்க. பாடுனாத்தான எங்கேருந்து வந்தோம்னு தெரியும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று.

அது யுத்த காலம். ஜாவா ஜப்பான்காரன் கையில் விழுந்து, குளிர் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து வரத்து நின்றிருந்தது. இந்தப் பக்கமோ மார்கழியில் வீட்டுக்கு இரண்டு பேர் குளிர் காய்ச்சலில் படுத்துவிடுவார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “ஒரு பாட்டிலை மூணு பாட்டிலாக்கும்” என்றார். ஆக்கினேன். எல்லோருக்கும் அப்படி ஆக்கவில்லை. மிராசுதார் வீட்டுக்குப் போகிற பாட்டில் கெட்டியாகவே போயிற்று. யாருக்குக் கெட்டி, யாருக்குத் தண்ணீர் என்று டாக்டர் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் கைக்கே தெரிந்திருந்தது. கொளஞ்சியப்பன் கொட்டாங்கச்சியை ஏந்தி நிற்பார். நான் மேலே கையைத் தூக்கி ஊற்றுவேன். அவருக்கு மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்.

அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் 1943 தை மாதம் உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பாடப் போனார். காய்ச்சல் விட்டிருந்தது என்று நினைத்துக்கொண்டு போனார். பந்தலில் நின்றதும் திரும்ப வந்துவிட்டது.

அந்தக் குடியானவர்களைப் பாடுகிற முறை இப்படி. ஆதியில் மழையில்லாமல் பூமி வெடித்துக் கிடந்தபோது பார்வதியின் உள்ளங்கை வியர்வை மண்ணில் விழுந்ததாம். அந்த இடத்தில் கலப்பையோடு ஒருவன் எழுந்தானாம். அவனுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு வீடு. குடிப்பிள்ளை ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லுவார். சொன்னதும் அந்த வீட்டில் மூத்தவர் எழுந்து வந்து, அவர் விரித்திருக்கும் துணியில் ஒரு கை அரிசி போடவேண்டும். பன்னிரண்டும் முடிந்ததும் குடிப்பிள்ளை சங்கு ஊதுவார். சங்கு ஊதியபின் ஒரு சொல்லைச் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. ஏதாவது வீடு தப்புத்தண்டா செய்து தள்ளிவைக்கப்பட்டிருந்தால் அதன் பெயரைச் சொல்லாமல் தாண்டிவிடுவார். வேறு தண்டோரா தேவையில்லை.

ஒன்பதாவது வீடு செங்காட்டார் வீடு. அந்த வீட்டு மூத்தவர் மீன்சுருட்டி நல்லுசாமி. அவர் முறை வருகிறதென்று கையில் அரிசியை அள்ளிக்கொண்டு பாதி எழுந்தும் விட்டார். கொளஞ்சியப்பன் எட்டாவது வீட்டைச் சொன்னார். கண் இருண்டது. பந்தல் சுற்றியது. பத்தாவது வீட்டைச் சொன்னார். பதினொன்று, பன்னிரண்டு சொல்லிச் சங்கையும் ஊதிவிட்டார்.

கையில் அரிசியோடு நல்லுசாமி நின்றுகொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை, எங்க வூடு எங்கே?” என்றார்.

கொளஞ்சியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயோ அப்பா, வுட்டுட்டேனே! காய்ச்சலுப்பா, மறந்துட்டேன்” என்று கத்தினார்.

“சங்கு ஊதியாச்சு. இனிமே என்ன பேச்சு?” என்று எழுந்தார் அய்யம்பெருமாள்.

இந்த அய்யம்பெருமாள் யார் என்று சொல்லவேண்டும். நல்லுசாமியின் தங்கை புருஷன். அவர் மகன் சின்னதுரைக்கும் நல்லுசாமியின் மகள் கமலவேணிக்கும் வருகிற வைகாசியில் கல்யாணம் என்று பேசிப் பரிசம் போட்டாகியிருந்தது. கமலவேணிக்குப் பதினாறு வயது. அத்தை மகன் மேல் அந்தப் பெண்ணுக்கு உயிர். ஊரறிந்த சங்கதி.

நல்லுசாமி அந்த அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டி மடியில் முடிந்துகொண்டு ஊருக்கு நடந்தார். அவரோடு யாரும் நடக்கவில்லை.

ஐந்து நாள் கழித்துக் கொளஞ்சியப்பன் என்னிடம் வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

“சார், நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லணும். எனக்குக் காய்ச்சல்தான்னு நீங்க சொன்னா நம்புவாங்க. அந்தப் பொண்ணு கல்யாணத்த நிறுத்தப் போறாங்க சார். என்னத்தையோ தெரிஞ்சுதான் நான் தாண்டிட்டேங்கறாங்க. பொண்ணோட அம்மா கலியம்மா ஆயி வழியில என்னமோ கொறையாம். ஒரு கொறையும் இல்ல சார்! பன்னெண்டு தலைமொற எனக்குத் தெரியும். ஒரு கொறையும் இல்ல!”

நான் போயிருக்கவேண்டும். போகவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை தலைக்கு மேலே கிடக்கிறது என்றேன். அது பொய். போனால் மருந்தைப் பற்றிப் பேச்சு வரும், தண்ணீர் கலந்தது வெளியே வரும் என்று பயம். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். ‘இந்த ஆசாமிக்கு அன்று கடுமையான காய்ச்சல், பிதற்றக்கூடிய நிலை’ என்று எழுதி ஆஸ்பத்திரி முத்திரையும் குத்தினேன். பெரிய உபகாரம் பண்ணிவிட்டதாக நினைப்பு.

அந்தச் சீட்டுத்தான் கமலவேணியைக் கவிழ்த்தது. அய்யம்பெருமாள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாராம்:

“காய்ச்சல்காரன் மனசுல உள்ளத மறைக்க முடியாதுய்யா. தெளிஞ்சவன்தான் பாவம் பாத்து, மொகம் பாத்துப் பேர சேப்பான். பிதற்றுனப்ப வந்ததுதான் நெசம். இதோ, முத்திர குத்திக் கொடுத்திருக்கான் பாரு!”

இந்தப் புத்தியை என்னவென்று சொல்வது? சொல்லுங்கள். கூட்டத்தார் காலில் கொளஞ்சியப்பன் விழுந்து புரண்டிருக்கிறார். “ஒனக்கு நல்ல மனசு பிள்ளை” என்று தூக்கி நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். வைகாசியில் சின்னதுரைக்கு வேறு பெண்ணைக் கட்டிவைத்தார்கள். அந்தப் பந்தலுக்குப் பாடக் கூப்பிட்டதும் கொளஞ்சியப்பனைத்தான். போகாமல் இருக்க அவருக்கு அனுமதி இல்லை. அன்று தெளிவாக, சத்தமாக, ஒன்பதாவது செங்காட்டார் வீடு என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அரிசி போட யாரும் எழுந்து வரவில்லை. ஒன்பதாம் வீட்டைத்தான் கல்யாணத்துக்கே அழைக்கவில்லையே. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பத்தாவதைச் சொன்னார்.

அதற்குப் பிறகு நல்லுசாமி வீட்டு வாசலை மிதிக்க ஆளில்லை. கலியம்மாள் கிணற்றடிக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நல்லுசாமியின் தம்பி செத்தபோது பாடை தூக்க நாலாவது ஆள் கிடைக்கவில்லை. கமலவேணி வயசுப் பெண்கள் எல்லாம் கட்டிக்கொண்டு போய், பிள்ளையோடு தாய்வீடு வந்து, திரும்பியும் போனார்கள். அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். யாரிடமும் பேசுவதில்லை என்றார்கள். பேச யார் இருந்தார்கள்?

கொளஞ்சியப்பன் மாதம் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போவார். வாசலில் நின்று, “ஒங்க வூட்டுல ஒண்ணும் கொறையில்ல அப்பா, என் வாய்தான் கொற” என்பார். முதலில் நல்லுசாமி செருப்பைக் கழற்றினார். பிறகு கதவைச் சாத்தினார். அதற்கும் பிறகு கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாராம்.

“சாவுக்கு நாலாவது தோளு நான் குடுத்திருப்பேன் சார்” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார் கொளஞ்சியப்பன். “நான் தொட்டா பொணமும் தீட்டாயிருமே. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

நான் அப்போதும் தண்ணீர் கலந்ததைச் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. கோயிலை எல்லோருக்கும் திறந்தார்கள். பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். செங்காட்டார் வீட்டுக்கு ஒன்றும் திறக்கவில்லை. ஆனால் இந்த ஆறு வருஷத்தில் நல்லுசாமி மாறியிருந்தார். பூலாம்பாடியில் செல்லமுத்து என்று ஒருவன். அவனுடைய தாத்தா கண்டிக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர். அங்கே யார் கையால் தின்றாரோ என்று அந்தக் குடும்பத்தை மட்டும் அவர்கள் வீட்டாரே தள்ளிவைத்திருந்தார்கள். ஜெயங்கொண்டம் பக்கம் இன்னொரு குடும்பம், எதற்காகத் தள்ளினார்கள் என்பது அவர்களுக்கே மறந்துபோன குடும்பம். நல்லுசாமி இந்த இரண்டு குடும்பத்தோடும் கைகோர்த்தார். நாற்பது வயசு செல்லமுத்துவுக்கு, முதல் தாரத்தை இழந்தவனுக்கு, கமலவேணியைக் கொடுப்பதென்று பேசினார்கள். 1949 வைகாசியில் நாள் வைத்தார்கள்.

கொளஞ்சியப்பன் என்னைக் கூப்பிட வந்தார். “இந்தத் தடவையாச்சும் வாங்க சார்” என்றார். போனேன். டாக்டர் அதற்கு முந்தின வருஷம் காலமாகிவிட்டார். அதனால்தான் எனக்கு இவ்வளவு தைரியம் என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான்.

மீன்சுருட்டியில் சின்னப் பந்தல். மூன்று குடும்பத்து ஜனங்கள், முப்பது பேர் இருப்பார்கள். மற்றப் பதினொரு வீட்டிலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை. நல்லுசாமி என்னை உட்காரவைத்துவிட்டு, கொளஞ்சியப்பனைப் பார்த்துச் சொன்னார்:

“இங்க பாரு பிள்ளை. பழைய பாட்டெல்லாம் வேணாம். நாங்க அவங்களோட ஒண்ணு இல்ல. அவங்க வூட்டுல இப்ப நாங்க கை நனைக்கறதில்ல. தண்ணி கூட வாங்க மாட்டோம். எங்களுக்குத் தனியா ஒரு ஆதி சொல்லு. அவங்களவிட ஒசத்தியா இருக்கணும். இன்னொண்ணு. எங்களப் பாடற வாயால அவங்களப் பாடக்கூடாது.”

ஆறு வருஷம் எந்த மிதியில் கிடந்தாரோ அதே காலை இவர் தூக்கிக்கொண்டு நிற்கிறாரே என்று இருந்தது எனக்கு.

கொளஞ்சியப்பன் பந்தலில் ஓரமாக நின்றார். துணியை விரித்தார். பிறகு ராகம் இல்லாமல், சாதாரணமாகப் பேசுகிற மாதிரிச் சொன்னார்.

“அப்பாமாரே, ஆயிமாரே. ஒங்களுக்குத் தனி ஆதி ஒண்ணும் கெடையாது. ஆறு வருசத்துக்கு முந்தி எனக்குக் குளிர் காய்ச்சல். ஒடம்பு கொதிச்சுது. கண்ணு இருண்டுச்சு. ஒன்பதாவது பேரு வாயில வரல. அவ்வளவுதான். ஒங்க ஜாதி என் காய்ச்சல்ல பொறந்தது. வேற கத கெடையாது. இது சத்தியம்.”

இப்போது அடிக்க வருவார்கள் என்று நான் எழுந்துவிட்டேன். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“மாரியாத்தா!” என்றாள். “ஆத்தாதான் இவன் மேல எறங்கி நாக்கப் புடிச்சிருக்கா! நம்மளத் தனியாப் பிரிச்சு எடுக்கத்தான் வந்திருக்கா!”

“ஆமாம், ஆத்தா சூடுதான் அது” என்றார் நல்லுசாமி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து வந்து முதல் கை அரிசியைப் போட்டார். செல்லமுத்து போட்டான். ஜெயங்கொண்டத்துக்காரர் போட்டார்.

“அட, ஆத்தாவுமில்லை, ஒன்றுமில்லை! நான்தான் மருந்தில் தண்ணீர் கலந்தேன்! கெட்டியாகக் கொடுத்திருந்தால் இவருக்குக் காய்ச்சலே வந்திருக்காது. எல்லாம் என் தப்பு!” என்று கத்தினேன். ஆறு வருஷம் தொண்டைக்குள் கிடந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

நல்லுசாமி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். “அய்யாவும் ஆத்தா வேலைக்கு ஒத்தாசையா நின்னவரு” என்று கூட்டத்துக்குச் சொன்னார். எனக்குத் தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

தாலி கட்டி முடிந்தது. கொளஞ்சியப்பனும் நானும் கிளம்பி வீட்டின் பின்பக்கம் வழியாகப் போனோம். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கமலவேணி நின்றிருந்தாள். மாலையைக் கழற்றியிருந்தாள். இருபத்திரண்டு வயசு. முகத்தில் முப்பது தெரிந்தது.

“பிள்ளை” என்று கூப்பிட்டாள்.

“ஆயி” என்று இவர் ஓடினார்.

“நெசமா மறதிதானா? அம்மா மேல சத்தியமாச் சொல்லு. எங்கிட்ட ஆத்தா கீத்தான்னு சொல்லாத.”

“நெசமா மறதிதான், ஆயி.”

“எங்க அம்மா வழியில ஒண்ணும் இல்ல?”

“ஒண்ணும் இல்ல, ஆயி. ஆறு வருசமா அதத்தான தெருத் தெருவாச் சொல்லிக்கிட்டு அலையறேன்.”

“நீ பாவம் பாத்துச் சொல்றேன்னு அப்பா சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். எங்க ரத்தத்துல என்னமோ இருக்குன்னுதான் நான் வெளிய வராம கெடந்தேன்.” அவள் என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “சின்னதுரை மாமாவுக்கு மூணு பிள்ளைங்களாம்” என்றாள்.

கொளஞ்சியப்பன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

“அழாத பிள்ளை. ஒண்ணே ஒண்ணு. இனிமே மறதின்னு யாருகிட்டயும் சொல்லாத. அப்பா இன்னைக்குத்தான் தல நிமிந்து ஒக்காந்திருக்காரு. நானும் இனி கட்டுனவரோட வூட்டுக்குப் போயி வாழணும். ஒண்ணுமில்லாததுக்கா இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா எப்படி வாழறது? ஆத்தான்னே இருக்கட்டும்.”

“சரி, ஆயி” என்றார் கொளஞ்சியப்பன்.